வடக்குச் சுவரோரத்து வெள்ளைக் கற்கள்

1986 மே 6

ஜூலைத் திருநாளுக்குள் கரையோரத்து இடிந்த கோயிலின் வரலாற்றை எழுதித் தருவதாகப் பங்குச்சாமியாரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். எனக்கு இது தேவையா? கூரையை அழித்தது யார் என்று கேட்டால், முந்நூறு வருஷத்துக்கு முன் படையோடு வந்து அயர்லாந்தைச் சூறையாடிய இங்கிலீஷ்காரன் கிராம்வெல் என்கிறது ஊரே. உருளைக்கிழங்கு அழுகினாலும் இங்கே அவன்தான் காரணம்.

மே 14

கால்வே நூலகம். கிராம்வெல் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்: "கூரை இல்லை, உள்ளே மாடு நிற்கிறது." ஆஹா! அப்படியானால் யார்?

என் வீட்டுக்காரர் பெஸ்டி சிரித்தார். "போடி, திட்டறதுக்கு இருந்த ஒருத்தனையும் பிடுங்கிட்டியா?"

மே 24

கோயிலில் துப்புரவு. வடக்குச் சுவரோரம் கையளவு வெள்ளைக் கற்கள், நாற்பத்தொன்று. பீடத்திலிருந்து விழுந்தவையா? இல்லை, கடற்கரைக் கல். யார் மெனக்கெட்டுச் சுமந்தது? பாதைக்கு இடைஞ்சல் என்று ஒரு மூலையில் குவித்துவிட்டேன்.

மே 26

பக்கத்து வீட்டு டீலியா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். தினமும் டீக்கு வருகிறவள். நான் என்ன செய்தேன்?

மே 27

பெஸ்டி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞானஸ்நானம் வாங்காம செத்த குழந்தைங்க, அட்ராக்டா. கல்லறைத் தோட்டத்துல சேர்க்க மாட்டாங்க. அப்பன்காரன் மட்டும் யாருக்கும் தெரியாம கொண்டுபோய் அங்க வச்சிட்டு, மேல ஒரு கல்லு போட்டுட்டு வருவான். டீலியாவுக்கும் ஒண்ணு. அம்பத்திமூணுல."

நான் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐயோ, பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்! எந்தக் கல் எங்கே கிடந்ததுன்னு குறிச்சுக்கூட வைக்கல. வரலாறு எழுதுறாளாம், வரலாறு!

மே 28

டீலியா வீட்டு வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"தெரியாம பண்ணிட்டேன், டீலியா."

"தெரியும். செருப்ப மாட்டு, வா."

அவள் அங்கே வருவது இதுதான் முதல் தடவை. முப்பத்துமூன்று வருஷமாக அவளிடம் இருந்தது, புருஷன் சொன்ன காலடிக் கணக்கு ஒன்றுதான். உடைந்த ஜன்னலுக்குக் கீழே நின்று, சுவரோரமாக ஒன்பது காலடி வைத்தாள்.

"அவரு காலு பெருசு," என்று இன்னும் அரை அடி நகர்ந்தாள்.

குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். கோட்டின் கையால் துடைத்து வைத்தாள்.

ஜூன் 9

சேதி பரவியிருக்கிறது. ஆளாளுக்கு ஒரு கணக்கோடு வருகிறார்கள். வாசலிலிருந்து ஆறு, முள்மரத்திலிருந்து நான்கு. இருபத்தாறு கற்கள் இடம் சேர்ந்தன.

ஜூலை 19

நாளை திருநாள். கூரை போனது எப்படி என்று இன்னும் தெரியவில்லை, அப்படியே எழுதிவிட்டேன். டீலியா டீக்கு வந்தாள். பாதிக் கோப்பையில் நிறுத்தி, "பேரு வச்சிருந்தேன். அவர்கிட்டகூடச் சொல்லல," என்றாள்.

பேனாவை எடுத்தேன்.

"பிரைடி. எழுதிக்க."