அருக்காணி வீட்டுக் குழாய்கள்

நரேலா,
டெல்லி.

அன்பு மகள் மஞ்சுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க மாரியாத்தா துணை செய்யட்டும். அம்மாவுக்கு ஜங்புராவுக்கு வேலைக்குப் போய்வரப் பஸ் மாறி மாறி முழங்கால் வீங்குகிறது, வேலையை விடு என்றால் கேட்பதில்லை. நேற்று போனில் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாய், நல்லா இருக்கான்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். தம்பி ராஜவேலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது இன்றைக்கு வசதியாகப் போயிற்று.

ஜங்புராவில் நம் குடிசைக் கேம்ப்பை இடித்துச் சர்க்கார் இங்கே மாடி வீடு ஒதுக்கியபின் எல்லாரும் ஒன்றாக வந்துவிடவில்லை. எங்கள் எதிர் வீடு பூட்டியே கிடந்தது. உன் தம்பி பால்கனி வழியாக உள்ளே இறங்கி, குழாய்களையெல்லாம் கழற்றிப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டான். சர்க்கார் வீடுதானே, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தானாம். வந்தது நம் அருக்காணி அத்தை! கேம்ப்பில் நமக்கும் அவளுக்கும் ஒரே சுவர். அவளும் மகளும் மூட்டையோடு வந்து கதவைத் திறந்தால் சொட்டுத் தண்ணீருக்கு வழியில்லை. இந்தப் பயலே கீழேயிருந்து குடம் குடமாகச் சுமந்து கொடுத்தான். அவன் தலையைத் தொட்டு வாழ்த்தினாள், பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்ணே என்றாள், நானும் பூரித்துப்போய் நின்றேன்.

கபாடிவாலா காட்டிக்கொடுத்ததும் பேச்சு போலீஸ் வரை போயிற்று. அருக்காணிதான் தடுத்தாள். கேம்ப்பில் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்போமே, அதே மாதிரி இங்கேயும் பேசுவோம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டுக்குக் கீழே பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். இனிமே கதவைத் திறந்து போட்டுட்டு வேலைக்குப் போக முடியாதே என்றார் பக்கத்து வீட்டு முத்து. இவன் மாஃப் கரோ அத்தை என்று இந்தியில் மன்னிப்புக் கேட்டு முனகினான். அவள் விடவில்லை. கொழாயை எடுத்தது கெடக்கட்டும்டா, நான் உன் தலையைத் தொட்டு வாழ்த்துனப்ப உனக்கு ஒண்ணுமே தோணலையா என்று கேட்டாள். அவன் தேம்பி அழுதான். என்னால் நிலத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. புதுக் குழாய் வாங்கி அவன் கையாலேயே மாட்ட வேண்டும், அதுவரை தண்ணீரும் சுமக்க வேண்டும் என்று பேசி முடித்தோம்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அருக்காணி தன் வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். நான் பதறிப்போய், நீ இருக்கும்போது வந்து மாட்டட்டும்மா என்றேன். நான் இவனை நம்புறதை நாலு பேரு பாக்கணும்னுதாண்ணே இப்பக் குடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். அன்று விடியற்காலையில்தான், மஞ்சு, நான் நம் பீரோ சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவனுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். பெற்றவன் நான்.

தம்பியிடம் பேசு, திட்டாதே, எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் தைலம் அனுப்ப மறக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பீரோ சாவியைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுத்தான் இதைத் தபாலில் போடப்போகிறேன்.

உன் அப்பா,
ரத்தினவேல்