தலையணைக்கு அடியில் சாவி

மார்ச் 4, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். கார் செத்துக் கிடந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு 'டிக்', அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து ஒயர் கொடுத்து உயிர்ப்பித்தார். மகளுக்கு ஒரே சிரிப்பு. "முப்பது வருஷம் வீடு வீடாப் போய் கரன்ட் மீட்டர் பார்த்தீங்க. நம்ம வண்டியில கரன்ட் இருக்கான்னு பார்க்கலையேப்பா."

பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி இருபத்தி இரண்டு. முன்னேபின்னே ஆகலாமாம். ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். மாப்பிள்ளை கப்பலில், நடுக்கடலில். அவருடைய காரும் நானும்தான் இங்கே துணை.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் புது பேட்டரி போட்டுவிட்டார். நிம்மதி.

மார்ச் 8, சனி

நிம்மதியாவது ஒன்றாவது. மறுபடியும் 'டிக்'.

புது பேட்டரி ராத்திரியோடு ராத்திரியாக எப்படிக் காலியாகும்? பூட்டித்தானே வைத்தேன்? விளக்கு எரியவில்லை, பாட்டு ஓடவில்லை. இன்றைக்கே வலி வந்திருந்தால்? மகள் பிறந்த அன்று நான் எங்கோ மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் அம்மா வண்டி கிடைக்காமல் வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள். சாகும்வரை அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதனால்தான் மகள் வந்த நாளிலிருந்து கார்ச்சாவியை நான் கீழே வைப்பதே இல்லை. பகலில் சட்டைப்பையில், இரவில் தலையணைக்கு அடியில். என் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் கார் நிற்கிறது. அவள் கூப்பிட்டால் அரை நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். கிளம்ப வண்டிதான் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் சொன்னார்: "எங்கேயோ கரன்ட் போகுதுங்க. பூட்டின அரை மணி நேரத்துல வண்டி தூங்கிடணும். தூங்குதான்னு பாருங்க."

வண்டி தூங்குமா?

"உள்ள இருபது முப்பது குட்டி கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணொண்ணா தூங்கும். ஒண்ணு முழிச்சிருந்தாலும் பேட்டரியைக் குடிச்சிடும்."

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள் — இதை எத்தனை வீட்டில் நான் சொல்லியிருப்பேன். அதே சோதனைதான். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் கரன்ட் அளக்கும் என் பழைய கைமீட்டரைக் கோர்த்தேன். பானெட் திறந்திருப்பது தெரியாமல் இருக்க, அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி வண்டியை ஏமாற்றினேன். கதவுகளைப் பூட்டினேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

1.8 ஆம்பியர். தூங்கினால் 0.05-க்குக் கீழே போகவேண்டுமாம். ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் காத்திருந்தேன். 1.8. பூட்டிய வண்டிக்குள் ஏதோ ஒன்று கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது. நாளைக்கு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். முப்பத்தி நாலு ஃப்யூஸ்.

மார்ச் 10, திங்கள்

ஒரு ஃப்யூஸைக்கூடப் பிடுங்கவில்லை.

மீட்டரை மாட்டிவிட்டு உட்காரும்போதுதான் மகளுக்கு மாத்திரை தீர்ந்தது தெரிந்தது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, எண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது போன் வந்தது.

"அப்பா, வண்டி தூங்கிடுச்சு. சைபர் புள்ளி சைபர் ரெண்டு."

"எதைத் தொட்டே?"

"ஒண்ணையும் தொடலை. நீங்க போனதும் குறைய ஆரம்பிச்சுது."

ஓட்டமும் நடையுமாக வந்தேன். காருக்கு நாலடி இருக்கும்போது அவள் கையைத் தூக்கினாள். "ஏறுதுப்பா. அங்கேயே நில்லுங்க." தெருமுனைக்குத் திரும்பிப் போனேன். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது என்றாள் போனில். வந்தேன், ஏறியது. "உங்களைக் கண்டா முழிச்சுக்குது," என்றாள். சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. என்னையா தெரிகிறது அதற்கு? தானாகக் கை சட்டைப்பைக்குப் போயிற்று. சாவி.

சாவியை அடுக்களையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தேன். காரைச் சுற்றி வந்தேன், தட்டினேன். 0.02. அது பாட்டுக்குத் தூங்கியது.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "இது ரேடியோ சாவிங்க, சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும். அது கிட்ட இருந்தா, ஆள் வந்தாச்சுன்னு சில வண்டி தூங்காம காத்திருக்குங்க," என்றார்.

எத்தனை ராத்திரி! நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, என் காதுக்குக் கீழே சாவியும் செங்கல் சுவருக்கு அப்பால் வண்டியும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு சத்தம் இல்லை, ஒரு வெளிச்சம் இல்லை. ஆயுசு முழுக்கக் கரன்ட்டோடு பழகிய எனக்கு இது தெரியவில்லை. அந்த வண்டி இரவெல்லாம் எனக்காகத்தான் விழித்திருந்திருக்கிறது. நான் பயந்து பயந்து பக்கத்தில் வைத்துக்கொண்டதுதான் அதைச் சாகடித்திருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

சாவி இனிமேல் அடுக்களையில், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள். டப்பாவை மூடியபடி காருக்குப் பக்கத்திலேயே கொண்டு போனேன், மீட்டர் அசையவில்லை. திறந்தேன், ஏறியது. மூடினேன், மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு டப்பா மூடிக்கு இத்தனை சக்தியா? மதியம் வரை இதே வேலை. "டப்பா தேயப்போகுதுப்பா," என்றாள் மகள்.

மார்ச் 12, புதன்

தலையணைக்கு அடியில் கை தேடுகிறது. எழுந்து போய் எடுத்து வந்துவிடலாமா? கூடாது.

மார்ச் 15, சனி

மூன்று நாள் காரைத் தொடவே இல்லை. இன்று ஒரே அழுத்தில் கிளம்பியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். விடிகாலை நாலரைக்குக் கதவைத் தட்டினாள். டப்பா, மூடி, சாவி. ஒரே அழுத்து. வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

8.10. பெண். இரண்டு பேரும் நலம்.

மார்ச் 26, புதன்

குழந்தை தூங்குகிறது. மார்பு ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அவ்வளவு மெல்லிய மூச்சு. சரியாகப் பார்க்கலாம் என்று தொட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். இமை துடித்தது, விரல் விரிந்தது.

"மீட்டர் ஏறுதுப்பா," என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. "கொஞ்சம் தள்ளிப் போங்க."

வாசற்படிக்கு வந்துவிட்டேன். இங்கே நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.