அலெக்சாண்டரின் அப்பா கிடைத்துவிட்டார்

என் அன்புக்கும் பாதி டீக்கும் உரிய ராபர்ட் அண்ணாச்சிக்கு,

கிடைத்துவிட்டார்! சுகமா என்று விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. முதலில் செய்தியைப் பிடியுங்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன உங்கள் ஸ்காட்லாந்துப் பாட்டனார் அலெக்சாண்டர் யாருடைய மகன் என்று தெரிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தால், உங்கள் மகள் எலனிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு நான் போட்ட கூச்சலில் கேன்டீன் மலையாளி ஓடி வந்து, "எந்தா, லாட்டரி அடிச்சோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் டியூட்டி முடிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழ் 'போதும்', 'இன்னும் கொஞ்சம்' இரண்டும்தான். அதையும் பரோட்டாக் கடையில் மாற்றி மாற்றிச் சொல்வீர்கள். இப்போது இருக்கிற இடத்தில் மொழித் தொல்லை இருக்காது என்று நம்புகிறேன்.

இந்த வளைகுடாவில், புஜைரா எண்ணெய் டேங்குகளுக்கு நடுவே நீங்கள் சேஃப்டி ஆபீசர், நான் வால்வு டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி ஹெல்மெட்டைப் பற்றி இல்லை. "உன் தாத்தா பேர் என்ன?" தொம்மை என்றேன். "உன் பேர்?" அதுவும் தொம்மைதான் என்றேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் கடற்கரைப் பழக்கம் என்றதும் உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எங்கள் பூர்வீக ஸ்காட்லாந்திலும் அப்படித்தான் என்றீர்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். அன்றைக்கே நான் உங்களை அண்ணாச்சி ஆக்கிக்கொண்டேன்.

பட்டாண் டிரைவர் ஒருவர் தன் பாட்டன்மார் ஏழு பேரை மூச்சு விடாமல் சொன்னபோது, நீங்கள் அழாத குறையாக உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? உங்களுக்கும் வரிசை தெரியும். ஆனால் அலெக்சாண்டரோடு கயிறு அறுந்துவிடும். அமெரிக்கக் கரோலினாவில் வந்து இறங்கியவர் தன் அப்பா யார் என்று எங்கும் சொல்லி வைக்கவில்லை.

அந்த வழக்கை எத்தனை டீக்கு நடத்தியிருப்போம்! ஸ்காட்லாந்தின் ஒரே கடற்கரையில், ஒரே காலத்தில், ஒரே குடும்பப் பெயரோடு இரண்டு அலெக்சாண்டர்கள். ஒருவர் ஹெக்டர் என்ற நிலக்கிழாரின் மகன். இன்னொருவர் டங்கன் என்ற மீனவரின் மகன். உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நிலக்கிழார்தான். ஏனென்றால் அலெக்சாண்டரின் பிள்ளைகளை மூத்ததிலிருந்து சொல்லும்போது ஹெக்டர், அலெக்சாண்டர், ஜான், டங்கன் என்றுதான் வரும். மூத்தவன் ஹெக்டர் என்றால் தாத்தாவும் ஹெக்டர். முடிந்தது கதை.

உங்களுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "தம்பி, நிலக்கிழார் மகன் கப்பல் கூலிக்காக வருஷக்கணக்கில் அடுத்தவன் நிலத்தில் உழைப்பேன் என்று கைநாட்டு வைப்பானா?" என்று கேட்பீர்கள். அப்படியென்றால் உங்கள் அலெக்சாண்டருக்கும் நம்மைப் போல ஒரு விசா முதலாளி, ஒரு கஃபீல், இருந்திருக்கிறார் என்று நான் சொன்னதும், டீ புரையேறச் சிரித்தீர்கள். ஆனாலும் அந்த மூத்த ஹெக்டரைத் தாண்ட நம் இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக நீங்கள் கேட்டதும் அதைத்தான். உங்களுக்கு வைக்கப்போகும் கல்லில் வம்சம் முழுவதையும் வெட்டச் சொல்லியிருந்தீர்கள். "தெரியலைன்னா வெறுமையா விடு. பொய்யை மட்டும் வெட்ட விடாதே." உங்கள் உடலைக் கரோலினாவுக்கு அனுப்பிவிட்டு கேம்ப்புக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. அங்கே உங்கள் தங்கையோ, நிலக்கிழார் ஹெக்டர் பெயரைத்தான் வெட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எலன் பாவம், கல்வெட்டுகிறவருக்குத் தவணை சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாள்.

இப்போது கேளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஊரிலிருந்து என் அக்கா போனில் பேசினாள். அவள் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். யார் பக்கத்துப் பெயர் வைப்பது என்று வீட்டில் பெரிய சண்டை. சமாதானம் சொல்லப் போன எனக்கும் கிடைத்தது.

"எலேய், நீ சும்மா கெட. ஒம் பேரே ஒம் பேரு இல்லலா!"

"என்னக்கா சொல்லுத?"

"மூத்தவனுக்கு வச்ச பேருலா அது. அவன் ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட போயிட்டான். தாத்தா பேரு வீட்டுல இல்லாமப் போயிரக் கூடாதுன்னு கடைசியாப் பொறந்த ஒனக்கு வச்சாவ. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும் அண்ணாச்சி. சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் உங்கள் வழக்கில் அதைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் தோன்றவே இல்லையே! கடைக்குட்டியான நான் எப்படித் தாத்தா பெயரோடு திரிகிறேன் என்று நீங்களும் கேட்கவில்லை. அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். என் காதில் உங்கள் குரல்தான் ஓடியது. ஹெக்டர், அலெக்சாண்டர், ஜான், டங்கன். கடைக்குட்டி டங்கன்!

உடனே எலனைக் கூப்பிட்டேன். அலெக்சாண்டரின் மனைவியான உங்கள் பாட்டிக்கு ஹெக்டருக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து இறந்திருக்கலாம், அவன் பெயர் டங்கனாக இருக்கலாம், ஹெக்டர் என்பது அம்மாவின் அப்பா பெயராக இருக்கலாம் என்று என் ஓட்டை இங்கிலீஷில் கொட்டினேன். அவள் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அங்கிள், அந்தப் பாட்டி கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே யாரையும் புதைக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். ஏன் என்று அவருக்கும் தெரியாது" என்றாள்.

தெரியாமலே காவல் காத்திருக்கிறீர்களே அண்ணாச்சி!

மறுநாளே அந்தப் பெண் போய், பைன் இலைக் குப்பையை வாரி ஒதுக்கிவிட்டுக் கம்பியால் குத்திப் பார்த்திருக்கிறாள். மண்ணுக்குள் ஒரு கல் தட்டியது. தலையணை அளவு கூட இல்லை. கழுவிப் படம் அனுப்பினாள். டங்கன், அலெக்சாண்டரின் மூத்த பிள்ளை என்று கோணல்மாணலாகக் கொத்தியிருந்தது. அப்பனே உட்கார்ந்து கொத்தியிருப்பானோ? நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதீர்கள்.

ஆனாலும் எலன் உங்கள் மகள் அல்லவா, அவசரப்பட மாட்டாள். மீனவர் டங்கனின் மகள் வழியில் வந்த ஒரு பெண்மணியை அந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையிலேயே தேடிப் பிடித்து, அவரையும் எச்சில் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைத்தாள். நீங்களும் கொடுத்தீர்களே, குழாய்க்குள் துப்பச் சொல்கிறார்கள் என்று கூச்சப்பட்டுக்கொண்டு. அந்த முடிவுதான் இன்று வந்தது. தூரத்து உறவுதான், ஆனால் ஒரே ரத்தம். எச்சில் மட்டும் என்றால் சந்தேகப்படலாம், கல்லும் சேர்ந்து சொல்லும்போது இனி என்ன என்கிறாள் எலன். அந்த அம்மாள் இன்றைக்கும் மீன்தான் விற்கிறாராம்! நம்ம ஆளு! நீங்கள் மீனைத் தலையோடு சாப்பிடும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

உங்கள் தங்கையும் இறங்கி வந்துவிட்டார். நிலக்கிழார் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் அந்தச் சின்னக் கல்லைத் தொட்டுப் பார்த்தபின், டங்கன் பெயரையே வெட்டுங்கள் என்றாராம். இனி கல்லில் இப்படித்தான் வரும்: மீனவர் டங்கனின் மகன் அலெக்சாண்டர். பொய் இல்லை அண்ணாச்சி. நிம்மதியாகக் காலை நீட்டிப் படுங்கள்.

எனக்குத்தான் இப்போது ஒரு நிம்மதிக்கேடு. கப்பல் கூலிக்கு உழைத்த அந்த மனிதன் கூடத் தன் பிள்ளைக்கு ஒரு கல் நட்டிருக்கிறான். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என் அண்ணனுக்குக் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. இடம் எதுவென்று அக்காவுக்கு மட்டும் தெரியும். அவன் பெயரைத்தான் நான் இத்தனை வருஷமும் பாஸ்போர்ட்டிலும் ஹெல்மெட்டிலும் சுமந்து திரிகிறேன்.

வருகிற கிறிஸ்துமஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலையணை அளவுக்கு ஒரு கல் வாங்கி, அக்கா கை காட்டும் இடத்தில் நட்டுவிட்டுத்தான் திரும்புவேன். கொத்துகிற ஆசாரி பெயர் கேட்பார். தொம்மை என்பேன். உங்கள் பெயர் என்பார். அதுவும் அதுதான் என்பேன். திருதிருவென்று முழிக்கட்டும். உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன், அதிலும் பொய் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
இரண்டாவது தொம்மை.