வலையும் விளக்குத் துணியும்

10 டிசம்பர் 2025, புதன்

திங்கட்கிழமை பிற்பகல் 2.40 மணிக்கு, இருபத்தெட்டாம் இலக்கக் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் தீப்பற்றியது. தீயணைப்புப் பிரிவின் பொறுப்பாளர் இன்று காலை 9.15க்குத் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். புகை சுவாசித்த இருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அன்று மாலையே வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். காரணம் இன்னும் சொல்லப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வேலையை விட்டுப் பதினேழு வருஷம். இன்னும் இப்படித்தான் எழுத வருகிறது. தெரிந்தது முதலில், சொன்னவர் யார் என்பது அடுத்து.

சுவிஸின் இந்த லா ஷோ-து-ஃபோன் நகரில் எத்தனையோ கட்டடங்கள். இந்தத் தீ ஏன் எனக்கு? அந்த அறையில் நிற்கும், உடுப்புக் காயவைக்கும் ட்றையரின் சூடான ஈரக்காற்று, சுவருக்குள்ளால் போகும் ஆறு மீற்றர் குழாய் வழியாக வெளியே போகிறது. அந்தக் குழாயில் ஒட்டும் துணிப் பஞ்சை எடுப்பதுதான் எங்கள் தொழில். றெக்சனின் நிறுவனம் என்றால் றெக்சன், நான், ஒரு வான். செப்டெம்பர் 23 அன்று அந்தக் குழாயைச் சுத்தம் செய்தது நான்.

முழுவதும் செய்தேனா? ஏதோ ஒரு குறை இருந்தது என்று ஞாபகம். என்ன குறை? கொப்பியைத் தேட வேண்டும்.

11 டிசம்பர், வியாழன்

கொப்பி கிடைத்தது. எங்கள் வேலைத்தாளின் கார்பன் பிரதி. நான் பிரெஞ்சில் எழுதியது இதுதான்: "வளைவு வரை உள்ளே சுத்தம். வெளிவாயில் புதிய வலை. சாரக்கட்டு நிற்பதால் கழற்ற முடியவில்லை. வலையைக் கழற்றும்வரை இயந்திரத்தைப் பாவிக்க வேண்டாம்."

கீழே கட்டடப் பராமரிப்பாளரின் கையெழுத்து. நேரம் 11.20.

13 டிசம்பர், சனி

கட்டடத்தை நிர்வகிக்கும் ஜெறான்ஸிலிருந்து கடிதம். அங்கே பொறுப்பாயிருக்கும் மதாம் ரொசெல் ஒரு வசனத்தை அடித்து அனுப்பியிருக்கிறா. "செப்டெம்பர் 23 அன்று குழாய் முழுவதும் சுத்தம் செய்யப்பட்டதை உறுதிப்படுத்துகிறேன்." கீழே என் பெயர். கையெழுத்துக்கு ஒரு கோடு.

கோடைகாலத்தில் சுவருக்குப் புது வெப்பக்காப்பு போட்டார்கள். அப்போதுதான் குளவி புகாமல் இருக்க அந்த வலையை அடித்தது. நுளம்பு வலை போல நெருக்கமானது. ஒவ்வொரு முறை ட்றையர் ஓடும்போதும் பஞ்சு அதில் போய் அப்பும். அந்த வேலையைக் கொடுத்ததும் ஜெறான்ஸ்தான்.

வானில் றெக்சனிடம் கடிதத்தைக் காட்டினேன். மன்னார்ப் பெடியன், நாற்பது தாண்டியும் எனக்குப் பெடியன்தான். ஸ்ரேறிங்கில் வைத்து இரண்டு தரம் வாசித்தான்.

"அக்கா, பதினாலு கட்டடம் அவையள்தான் எங்களுக்குத் தாறது."

"தெரியும்."

"ஒரு வசனம்தானே அக்கா."

"ஒரு வசனம்தான். பொய் வசனம்."

"நீங்கள் கையெழுத்துப் போடாட்டி?"

"போடமாட்டன்."

"போடாட்டி எண்டு கேக்கேல்லை. போடமாட்டீங்கள் எண்டு தெரியும். பிறகு நாங்கள் என்ன செய்யிறது எண்டு கேக்கிறன்."

கடிதத்தை அவனிடமிருந்து வாங்கி மடித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒருமுறை, நான் எழுதாத ஒரு செய்தியை நான் எழுதியதாகக் கையெழுத்துக் கேட்டு வந்தவர்கள் துவக்கோடு வந்தார்கள். அன்றைக்கே போடவில்லை. மதாம் ரொசெல் பேனையோடு வந்திருக்கிறா.

15 டிசம்பர், திங்கள்

காலை 8.30. காப்புறுதி நிபுணர் தீப்பிடித்த கட்டடத்துக்கு வரச்சொல்லியிருந்தார். மெலிந்த மனிதர், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை காத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது.

வெளியே பனி. ஏணி வைத்து ஏறினேன். சாரக்கட்டு ஒக்டோபரில் எடுபட்டுவிட்டது, வலை அப்படியே இருக்கிறது. அதன்மேல் பஞ்சு கம்பளி மாதிரித் தடித்துப்போய், விரலால் குத்தினாலும் போகவில்லை. படம் எடுத்தார். அளவெடுத்தார். தெரிந்ததை அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார். எனக்குள் ஒரு திருப்தி. நான் எழுதியதை யாரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு உள்ளே போனோம். ட்றையரின் மேற்தகடு வளைந்துபோய்க் கிடந்தது. அதன்மேல் உருகிய நீலப் பிளாஸ்ரிக். ஒரு கூடையாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் கருகிய துணிகள். தீ அங்கேதான் தொடங்கியது என்று நிபுணர் நினைக்கிறார். குழாய்க்குள் இருந்த பஞ்சு அதைச் சுவருக்குள் கொண்டுபோயிருக்கிறது.

அவர் ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். வேட்டிக் கரை. நல்லெண்ணெய் மணம்.

"இது என்ன துணி என்று உங்களுக்குத் தெரியுமா?"

"உறுதியாகத் தெரியாது" என்றேன்.

ஒருவர் சொல்லாமல், இன்னொருவர் உறுதிப்படுத்தாமல் எழுதுவதில்லை என்பது என் பழைய வழக்கம். சரி. ஆனால் அந்த வழக்கத்தால்தான் அப்படிச் சொன்னேனா? அந்தக் கட்டடத்தில் ஒரேயொரு தமிழ் வீடுதான் இருக்கிறது என்பதாலா?

உண்மையை எழுது. இரண்டாவதுதான்.

16 டிசம்பர், செவ்வாய்

யோகாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த ஒரேயொரு தமிழ் வீடு, மூன்றாம் மாடியில். அறுபத்தாறு வயது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் நின்று, இந்த வீட்டைச் சொந்தமாக வாங்கினவர். சுவரில் இன்னும் புகை மணம்.

தேத்தண்ணி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"கேளும் பிள்ளை. கேக்கத்தானே வந்தனீர்."

"கூடைக்குள்ள இருந்தது கோயில் துணியோ அக்கா?"

"ஓம்."

டிசம்பர் 3, புதன்கிழமை, கார்த்திகை விளக்கீடு. அடுத்த ஞாயிறு கோயிலில் விளக்குகளைத் துடைத்துத் துப்புரவாக்கினார்கள். நூற்றுக்கணக்கான விளக்கு, கிழித்த வேட்டித் துணி, அவ்வளவும் எண்ணெய். அக்கா அதைத் தோய்த்துத் தருவதாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எறிஞ்சிருக்கலாமே?"

"சாமி விளக்குத் துடைச்சதை ஊத்தைக் கூடைக்குள்ள போடுறதோ? என்ன கதை கதைக்கிறீர்!"

வீட்டு உடுப்போடும் அதைக் கலக்க மாட்டார். அதனால் ஒரு இயந்திரம் நிறைய அந்தத் துணி மட்டும். நாற்பது பாகையில் தோய்த்தார். அதில் எண்ணெய் முழுக்கப் போகாது. ட்றையரில் போட்டார். ஒரு மணித்தியாலம் ஓடியும் காயவில்லை. திரும்பவும் போட்டார்.

"முந்தி ஒருக்காலும் ரெண்டு தரம் போட்டதில்லை. இந்தக் கார்த்திகையிலயிருந்து எல்லாம் ஈரமாத்தான் வருது. மெசினுக்கு வயசு போச்சுது எண்டு நினைச்சன்."

மெசினுக்கு அல்ல. வலை. காற்றுப் போக வழியில்லை.

தோய்க்கும் அறையைப் பாவிக்க அக்காவின் முறை திங்கள் எட்டு முதல் இரண்டு வரை. இரண்டு மணிக்கு அறைக்கதவின் திறப்பை முதலாம் மாடிக்காரரிடம் கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் அதில் ஐந்து நிமிஷம் பிந்தினால் கதவில் கடதாசி ஒட்டுவார்கள். கடைசியில் ஓடும் குளிர்க்காற்று முடியும் முன்னமே நிறுத்தி, சூடான துணியைக் கூடைக்குள் அமத்தி, இயந்திரத்துக்கு மேலே வைத்துவிட்டுத் திறப்பைக் கொடுக்க ஓடினார். எண்ணெய்த் துணி சூட்டோடு குவிந்து கிடந்தால் தானாகவே பற்றும். இது எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"கூடையை எடுக்க வந்து புகையைக் கண்டதும் கதவைச் சாத்திப்போட்டு நான்தான் தீயணைப்புக்கு அடிச்சுச் சொன்னனான்" என்றார். பிறகு, "வீட்டைப் பறிப்பினமோ பிள்ளை?"

குற்றம் முழுவதும் அவருடையது என்றானால், காப்புறுதி கொடுப்பதை அவரிடம் திருப்பிக் கேட்கலாம். அப்போது இந்த வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. தெரியாது என்று சொன்னேன். இம்முறை அது உண்மை.

18 டிசம்பர், வியாழன்

அக்காவின் மகள் சிவானுஜா அழைத்தா. கல்யாணம் முடித்து நொஷாட்டலில் சொந்த வீட்டில் இருக்கிறவ.

"அன்ரி, வலையைப் பற்றி எவ்வளவும் எழுதுங்கோ. துணியைப் பற்றி ஒண்டும் எழுதாதேங்கோ."

"கேட்டால் சொல்லத்தான் வேணும் பிள்ளை."

"ஆர் கேட்டது? அவருக்குத் தமிழ்த் துணி, இங்கிலீசுத் துணி தெரியுமே? கோயிலின்ர பேரும் கெட்டுப்போகும். உங்களுக்கென்ன, நீங்கள் சேர்ச்சுக்குப் போறனீங்கள்."

போனை வைத்துவிட்டா.

சேர்ச்சுக்குப் போறனாம். எந்தக் கோயில் எரிஞ்சாலும் எந்தச் சேர்ச் இடிஞ்சாலும் ஒரே கையால எழுதினவள் நான். இதைக் கேக்கவோ இவ்வளவு காலம் இருந்தன்?

ஆறிவிட்டு எழுதுகிறேன். வலையை மறைக்கச் சொல்லுகிறா மதாம் ரொசெல். துணியை மறைக்கச் சொல்லுகிறா சிவானுஜா. ஒருத்திக்கு மாட்டேன் என்று சொன்ன வாயால் மற்றவளுக்கு ஓம் என்று சொன்னால், நான் செய்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

19 டிசம்பர், வெள்ளி

துணியைப் பற்றி எழுத வேண்டாம் என்று றெக்சனும் சொல்லுகிறான். இன்று ஆறு குழாய் முடித்தோம்.

22 டிசம்பர், திங்கள்

மதாம் ரொசெல்லின் அலுவலகம், காலை 10.00. கோப்பி தந்தா. பிஸ்கற்றும் தந்தா. வசனத்தைத் திரும்பவும் மேசையில் வைத்தா.

"இது வெறும் நடைமுறை" என்றா.

கார்பன் பிரதியின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அப்படியொரு தாள் தங்களுக்கு வரவே இல்லை என்றா. கையெழுத்தையும் நேரத்தையும் காட்டினேன். பராமரிப்பாளர் ஒரு நாளைக்குப் பத்துத் தாளில் கையெழுத்திடுகிறார், வாசிப்பதில்லை என்றா.

"அப்படியென்றால் அதையும் எழுதித் தாருங்கள், மதாம்."

அதன்பிறகு பிஸ்கற் தட்டு என் பக்கத்திலிருந்து நகர்ந்தது. வாசல்வரை வந்து, "நீங்கள் துப்புரவு வேலைக்கு வந்தவர், விசாரணைக்கு அல்ல" என்றா.

"துப்புரவுதான் செய்கிறேன்" என்றேன். பிரதியின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

7 ஜனவரி 2026, புதன்

ஜெறான்ஸிலிருந்து பதிவுத்தபால். பதினான்கு கட்டடங்களின் ஒப்பந்தமும் மார்ச் 31உடன் முடிகிறது. காரணம் குறிப்பிடப்படவில்லை.

றெக்சன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அக்கா, நீங்கள் பேப்பரில இருந்த காலத்தில உங்கட முதலாளிமார் எத்தினை பேர் ஓடிப்போனவை?"

"ரெண்டு பேர்."

"அப்ப நான் மூண்டாவது. ஆனா நான் ஓடேல்லை. எழுதுறதை வடிவா எழுதுங்கோ, போன வேலை அரைகுறை அறிக்கைக்காகப் போனதா இருக்கக் கூடாது."

10 ஜனவரி, சனி

அறிக்கை முடிந்தது. இரண்டு பக்கம். முதலாம் பக்கத்தில் வலை, இரண்டாம் பக்கத்தில் துணி. டிசம்பர் 15 அன்று நிபுணரின் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதும் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரிக்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

ஒருவரைப் பற்றி எழுதினால், வெளியே போகுமுன் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பிழையைத் திருத்தலாம், உண்மையை எடுக்க முடியாது. அந்த நிபந்தனையோடு யோகாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். சிவானுஜாவும் இருந்தா. எனக்கு முகம் தரவில்லை.

பிரெஞ்சைத் தமிழாக்கி மெல்ல வாசித்தேன். "ஏறத்தாழ இரண்டு மணிக்கு இயந்திரத்தை நிறுத்தினார்" என்ற இடத்தில் அக்கா கையை உயர்த்தினார்.

"ரெண்டு மணிக்கில்லை. ஒண்டு அம்பதுக்கு. திறப்புக் குடுக்கப் பிந்தப்போகுது எண்டு முன்னமே நிப்பாட்டினனான்."

"அம்மா!" என்றா சிவானுஜா. "அது உங்களுக்குத்தான் கூடாது."

"எனக்குக் கூடாதெண்டு மணிக்கூடு மாறுமே? முப்பத்தொரு வருஷம் மணிக்கூடு செய்தனான். பத்து நிமிஷம் பத்து நிமிஷந்தான்." என் பக்கம் திரும்பி, "எழுதும் பிள்ளை. ரெண்டு தரம் போட்டும் காயேல்லை எண்டதை முன்னுக்கு எழுதும்" என்றார்.

அது ஏற்கெனவே முன்னுக்குத்தான் இருந்தது. காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, வாசிக்க முடியாத அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தின் கீழே தமிழில் கையெழுத்திட்டார். யாரும் கேட்கவில்லை.

12 ஜனவரி, திங்கள்

9.05க்கு அறிக்கையை நிபுணரிடம் கையளித்தோம். அக்காவும் வந்தார், கோயிலுக்குக் கட்டும் சேலையில்.

23 ஜனவரி, வெள்ளி

நிபுணரின் மின்னஞ்சல், இன்று 11.40: இரண்டு பக்கங்களும் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. வலையை அடிக்கச் சொன்ன வேலை உத்தரவையும், செப்டெம்பர் வேலைத்தாளின் மூலப் பிரதியையும் ஜெறான்ஸிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். அவர்களுக்குத் தவணை பெப்ரவரி 6.

பிற்பகல் சிவானுஜா அழைத்தா. போன வெள்ளி, பூசை முடிந்ததும் அம்மா விளக்கு அலுமாரிக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் சொன்னாவாம்: இனி அந்தத் துணி ட்றையருக்குப் போகாது, மூடியுள்ள தகர வாளியில் தண்ணிக்குள்தான் கிடக்கும், ஏனென்றால் தன்னுடைய கூடை எரிந்தது. ஒருவர் "அதையேன் இஞ்ச கதைக்கிறியள்" என்றாராம். "உம்மட வீடு எரிஞ்சால் எங்க போய்க் கதைப்பீர்?" என்று கேட்டாவாம்.

பிறகு, "அன்ரி, எங்கட வீட்டு ட்றையரும் ரெண்டு தரம் போட்டால்தான் காயுது. ஒருக்கா வந்து பாப்பீங்களோ?" என்றா. செவ்வாய் 8.00க்கு எழுதியிருக்கிறேன். அதுவரை அதைப் போட வேண்டாம் என்றேன்.

மிச்சம் இருப்பவை: நிபுணரின் முடிவு, பெப்ரவரி 27. அக்காவின் வீடு அதைப் பொறுத்தது; எப்படி வரும் என்று இன்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் ஒப்பந்தம், மார்ச் 31 வரை. அதுவரை அந்தக் கட்டடங்களின் குழாய்கள் என் பொறுப்பு. திங்கள், பதினாலில் ஐந்தாவது கட்டடம். சாரக்கட்டு இல்லை, ஏணி எட்டும். வலை இருந்தால் கழற்றிவிட்டு, கழற்றினேன் என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குவேன்.

வாசித்துவிட்டுப் போடச் சொல்லுவேன்.