எந்தப் பெட்டிக் குண்டு அது?

இன்று காலை ஆணி தேடி, கராஜில் இருந்த பழைய பால்மாப் பேணியைக் கவிழ்த்தேன். ஆணிகளோடு ஒரு துவக்குக் குண்டும் உருண்டு வந்தது. வெடிமருந்தும் பித்தளைக் கூடும் இல்லாத வெறும் குண்டு, செப்பு உறை கறுத்துப்போயிருந்தது. பாரம் கூடியதா, குறைந்ததா? உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், சொல்லத் தெரியவில்லை. உம்மிடம் கேட்டிருப்பேன். நீர் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிளேட்டனில் நாம் இரு நண்பர்களும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நீர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்தீர். நான் தொழிற்சாலையில் வரைபடம் கீறினேன். உமக்கு மரைமான் வேட்டையில் பைத்தியம். ஆனால் கடைத் தோட்டாவால் சுட்டால் இலக்கில் அடிகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறும். "இதாலை சுட்டால் மிருகம் சாகாது, வதைபடும்" என்று சொல்லி, தோட்டாக்களை நீரே நிரப்பத் தொடங்கினீர்.

குசினி மேசையில் அதற்கான இயந்திரத்தைப் பூட்டினீர். பித்தளைக் கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டினீர். மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டீர். குண்டை எவ்வளவு ஆழத்தில் அமர்த்துவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தீர். அளவுகளைக் கொப்பியில் எழுதுவது என் வேலை.

"ஐசே, ஒரு நேரத்திலை ஒண்டை மட்டும் மாத்தவேணும். இரண்டை மாத்தினால் எது வேலை செய்தது எண்டு ஒருநாளும் தெரியாது" என்பீர்.

எத்தனையோ சனிக்கிழமைகள் சுடுதளத்தில் போயின. கடைசியில் ஐந்து அடிகளும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடங்கின. நீர் துள்ளிக் குதித்தது அன்று மட்டும்தான்.

வேட்டைக்கு முதல்நாள் உமக்கு வேலை சுணங்கியது. "மிச்சத்தை நீர் நிரப்பிவையும்" என்று டெலிபோனில் சொன்னீர். மேசையில் ஒரே நிறத்தில் இரண்டு குண்டுப் பெட்டிகள் கிடந்தன. ஒன்று நாம் தேர்ந்தது. மற்றது பாரம் கூடியது, அடி தாழும், சரிவராது என்று ஒதுக்கியது. ரேடியோவில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்டியைத் திறந்து நிரப்பினேன். எதைத் திறந்தேன் என்பது மறுநாளே எனக்கு நிச்சயமில்லை.

கிப்ஸ்லாந்து மலைச்சரிவில் அந்த மரை பக்கவாட்டில் அசையாமல் நின்றது. நீர் ஆறுதலாக மூச்சை விட்டுச் சுட்டீர். அடி தாழ்ந்து முன்னங்காலில் பட்டது. மரை நொண்டிக்கொண்டு பற்றைக்குள் இறங்கியது. இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து மத்தியானம் வரை தேடினோம். ஓடைக்கரையில் கண்டு, இன்னொரு வெடியில் அதன் வேதனையை முடித்தீர். பிறகு ஒரு கல்லில் இருந்து உமது கைகளையே பார்த்தீர்.

"கை ஆடிப்போட்டுது, ஐசே."

உமது கை ஆடி நான் கண்டதில்லை. "இல்லை, குண்டு..." என்று தொடங்கினேன்.

"குண்டிலை ஒரு பிழையும் இல்லை. எழும்பும், போவம்."

மிஞ்சிய தோட்டாக்களை உமது அறைக்குக் கொண்டுபோனீர். பிரித்துக் குண்டுகளை நிறுத்துப் பார்த்தீரா? அடுத்த கிழமை, "இனி நிரப்பிறது முழுக்க உம்மட பொறுப்பு" என்றீர். ஒருநாளும் சரிபார்க்கவில்லை. பிழை என்னுடையது என்று தெரிந்து மன்னித்தீரா? தெரியாமலே நம்பினீரா? மன்னித்தீர் என்று நினைத்தால் மனம் ஆறுகிறது. ஆனால் அந்த வாரமே நீர் கோப்பி குடிப்பதை விட்டுவிட்டீர், கை நடுங்கும் என்று. பிழை உம்முடையதல்ல என்று தெரிந்த மனிதன் ஏன் கோப்பியை விடவேண்டும்?

பல வருடங்கள் கழித்து என் மகளின் கலியாணம் லிட்கமில் நடந்தபோது ஒரு பிள்ளை தட்டில் கோப்பி கொண்டுவந்தாள். "எனக்கு வேண்டாம் பிள்ளை, கை ஆடும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர். அந்தச் சிரிப்பை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பெட்டி மாறியிருக்கலாம் என்று ஒரு வசனம் சொல்ல எனக்கு அரை ஆயுள் இருந்தது. கலியாணத்தன்றும் அதைச் சொல்லாமல், உமக்குப் பக்கத்தில் இருந்து என் கோப்பியைக் குடித்து முடித்தேன்.