உறைக்கு ஒரு கரண்டி

செவ்வாய் முகாம், நாள் 212, காலை 07:10

வளர்ப்புக் கலம் 37 டிகிரி. புளிப்பு சரி. பதிவு: செண்பகவல்லி, நுண்ணுயிர்ப் பிரிவு.

முகாமில் இரண்டே பேர். மற்றவர் பொறியாளர் லூர்துராஜ். பாறை கிழித்த காலுக்கு அவர் எடுத்த ஆன்டிபயாடிக், குடலில் இருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. அவற்றைத் திரும்பக் குடியேற்றத்தான் இந்தக் கலம். பால்பவுடரில் வளரும் தயிர், தினம் ஒரு டம்ளர்.

நேற்று கடைசிச் சொட்டு வரை அண்ணாந்து குடிக்கப் போனவரை, உறைக்கு ஒரு கரண்டி வைக்க வேண்டாமா என்று அதட்டினேன். எங்கள் வீட்டில் தயிரை வழித்துத் தின்றால் அடி விழும். சிரித்தார்.

நாள் 214, இரவு 20:30

ருசி சுண்ணாம்புத் தண்ணீர்தான். பாதியில் வைத்துவிடுகிறார். என் பெட்டியில் ஒரு துணி இருக்கிறது; வீட்டுத் தயிரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தது. அதில் ஒரு துண்டைக் காலையிலேயே கலத்தில் போட்டேன். வீட்டுப் பொருள் கலத்தருகே வரக்கூடாது என்பது விதி. விதி எழுதியவர்கள் இதைக் குடித்துப் பார்த்ததில்லை.

மாலையில் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாள் 217, காலை 06:50

கலம் நீர்த்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தேன், கலத்தில் வளர்த்த மருந்து பாக்டீரியா எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ். துணியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேறு எப்படியும் வந்திருக்க முடியாது.

லூர்துராஜுக்குக் காய்ச்சல். வயிற்றுப்போக்கில் ரத்தம். காலியான குடலில் கெட்ட கிருமி குடியேறிவிட்டது. கையிருப்பு மருந்துக்கு அது அசையவில்லை.

பூமியிலிருந்து மருத்துவர் நிலோபர்: “கலத்துல வெளிப்பொருள் எதுவும் சேர்ந்துச்சா? மறைக்காம சொல்லுங்க.”

இல்லை என்று அனுப்பினேன்.

நாள் 218, மாலை 17:20

நான் சொன்ன ‘இல்லை’யை நம்பி, பால்பவுடர்தான் கெட்டது என்று முடிவு செய்துவிட்டார் நிலோபர். புது பவுடரில், அதே கலத்தில், உறைநிலையில் இருந்த மருந்து பாக்டீரியாவின் கடைசிக் குப்பியை ஊற்றச் சொன்னார். கலத்தை நீராவியில் கழுவிவிட்டு ஊற்றினேன். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்க்கத் தோன்றவில்லை.

மாலைக்குள் அதுவும் தண்ணீர். வளையத்தை இப்போதுதான் கழற்றினேன். உள்ளே பழைய தயிர் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பாவி நான்.

நாள் 220, காலை 09:15

அவர் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. தயிர் மட்டும் கேட்டார். அந்தத் துணியிலேயே தனியாக உறை ஊற்றிக் கொடுத்தேன்; வீட்டுத் தயிரின் பாக்டீரியாவை அந்த வைரஸ் தொடுவதில்லை. வாய்க்கு ருசி, அந்தக் கிருமியை விரட்ட அதனால் ஆகாது.

அவர் அறையிலிருந்து ஒலிபெருக்கியில்: “யக்கா, ஒங்க தயிருதான் உள்ள எறங்குது. நீங்க இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்.”

தாங்கவில்லை. துணி, வைரஸ், பொய், எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 220, காலை 10:40

நிலோபர்: “செண்பகவல்லி, கலத்த விடுங்க. உங்க குடல்ல இருக்கிற பாக்டீரியாவே போதும். மலத்துலருந்து வடிகட்டி எடுத்து அவருக்கு ஏத்துங்க, உடனே. வெளிப்பொருள் இல்லன்னு சொன்னீங்களே, அதனாலதான் கலத்தையே நம்பி உக்காந்துட்டோம்.”

மருந்து இத்தனை நாளும் என் வயிற்றிலேயே இருந்திருக்கிறது.

நாள் 220, பகல் 12:10

வடிகட்டி எடுத்துக்கொண்டு போனேன். கூப்பிட்டேன். கை இன்னும் சூடாக இருந்தது. நாடி இல்லை.

பக்கத்தில் காலையில் கொடுத்த டம்ளர். குடித்திருக்கிறார். அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து, தூசி விழாமல் மூடியும் வைத்திருக்கிறார்.

உறைக்கு.

இதைப் படிப்பவரே, அந்த டம்ளரை என்னால் கழுவ முடியவில்லை.