மாரிக்கனியின் கொழுப்பு

3.2.2025
ராஜபாளையம் மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், மாரிக்கனி முகம் சரியில்லை. ஏழாம் மாதம், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதாம். அம்மா சும்மா விடுவாளா? "எல்லாம் கொழுப்பு!" என்றாள். வாயாடி மருமகள்மேல் எப்போதும் இதே புகார்தான்.

6.2.2025
ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் இவள் கேட்ட முதல் கேள்வி: "கொழுப்புனாலயா டாக்டர்?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"பாதி சரிதான். கொழுப்பு சும்மா கெடக்குற மூட்டை இல்லம்மா, அதுவும் ஹார்மோன் சுரக்குது. அதுல இன்சுலினுக்கு ஒத்தாசை பண்றது மாசம் ஏற ஏறக் கொறையுது. நஞ்சுக்கொடி சுரக்குறது வேற இன்சுலினை எதிர்க்குது. புள்ளைக்குச் சத்துப் போகணும்னு ஒடம்பு செய்ற ஏற்பாடு. ஒங்களுக்கு அளவு மீறிருச்சு. ஒங்க தப்பு இல்ல."

வெளியே வந்ததும், "பாத்தீகளா, என் கொழுப்புக்கும் வேலை இருக்கு" என்கிறாள். என்ன பெண் இவள்!

20.2.2025
சோற்றைக் குறைத்தாள், சாப்பிட்டதும் நடந்தாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் போடணும். இல்லையென்றால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துவிடலாம். பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பயமாக இருக்கிறது — யாரிடம் சொல்ல?

21.2.2025
மருந்துப் பையை அம்மா பிடுங்கப் போனாள். "ஊசி போட்டா ஆயுசுக்கும் விடாது. வயித்துப் புள்ளைக்கும் ஆகாது!" ஆறடி ஆள் நான், கதவோரம் ஒதுங்கி நின்றேன். வெட்கக்கேடு.

மாரிக்கனி அம்மா முன்னாலேயே சேலையை ஒதுக்கித் தானே குத்திக்கொண்டாள். "எனக்குக் கொழுப்புதான் அத்த. டாக்டரே சொல்லிட்டாக. அது ஏத்துற சக்கரைய அப்படியே விட்டாத்தான் புள்ளைக்கு ஆகாது."

எம்புட்டு தைரியம் இவளுக்கு! எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

16.3.2025
தினமும் விரலில் குத்தி, வீட்டு மெஷினில் சர்க்கரை பார்க்கிறாள். ஒரு நாளும் ஊசியைத் தவறவிடவில்லை. ஒரு நாளும் புலம்பவில்லை.

22.4.2025
பெண் குழந்தை. மூன்று கிலோ. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் "சுகர் நார்மல்" என்று சொல்லும்வரை நான் மூச்சு விட்டேனா? தெரியவில்லை.

10.6.2025
மாரிக்கனிக்கு மறு பரிசோதனை முடிந்தது. சர்க்கரை இல்லை. ஊசி பேறுகாலத்தோடு நின்றதுதான்.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேத்தியை என் கையில் கொடுத்தாள். பிறகு மாரிக்கனியிடம் விரலை நீட்டினாள்.

"எனக்கும் சக்கரை பாரு ஏட்டி. ரெண்டு வருசமா கால் எரியுது. ஊசின்னு சொல்லிருவாகளோன்னு பயந்துதான் மூச்சு விடல."

மாரிக்கனி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. சர்க்கரை மெஷினை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரலைத் துடைத்தாள்.